நான்காம் அத்தியாயம்: குணம் வேறு, துடிப்பு வேறு

குட்டி வீட்டுக்கு வந்துவிட்டது. பெயரும் வைத்தாயிற்று. (மாத்தளைப் பக்கத்து லயங்களில் "டைகர்" என்று ஒரு குரல் கொடுத்தால் நாலு நாய் திரும்பிப் பார்க்கும். வேறு பெயர் யோசிப்பது நல்லது.) சாப்பாடு, படுக்கை, புழு மருந்து எல்லாவற்றையும் முந்திய அத்தியாயங்களில் பார்த்துவிட்டோம். இனி அந்த நாய் எப்படிப்பட்டது, அதற்கு எவ்வளவு ஓட்டம் வேண்டும், எப்போது விலகி நிற்க வேண்டும் என்று கண்டுபிடிக்கும் வேலை. இதற்குக் காசு தேவையில்லை. ஒரு கொப்பி, ஒரு பேனை, ஒரு வாரப் பொறுமை போதும்.

இரண்டையும் பிரித்துப் பாருங்கள்

குணம் என்பது நாய் தன்னைச் சுற்றியுள்ளவற்றை எதிர்கொள்ளும் விதம். புது ஆளைக் கண்டால் கிட்டப் போகிறதா, ஒதுங்குகிறதா? பயந்தால் எவ்வளவு நேரத்தில் தெளிகிறது? வாயில் இருப்பதை விட்டுக்கொடுக்குமா? இது பிறப்பாலும் முதல் சில மாத அனுபவத்தாலும் உருவாகிறது. பெரிய மாற்றமில்லாமல் கூடவே வரும்.

துடிப்பு என்பது ஒரு நாளில் அது செலவழித்தே ஆக வேண்டிய ஓட்டமும் மூளை வேலையும். வயது, வெயில், சாப்பாடு, நோய் என்று எல்லாவற்றோடும் சேர்ந்து அது ஏறி இறங்கும்.

இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதி நாய்கள் கெட்ட பெயர் வாங்குகின்றன. ஐந்து மாதக் குட்டி சாரத்தைப் பிடித்து இழுத்தால் "கடிநாய்" என்கிறோம். அதற்குப் பால் பல் விழுந்து புதுப் பல் முளைக்கும் காலம் அது. ஈறு குறுகுறுக்கிறது, நாள் முழுக்க வேறு வேலையும் இல்லை. இன்னொரு வீட்டில் இரவெல்லாம் குரைக்கும் நாயை "நல்ல காவல்" என்று மெச்சுகிறார்கள். பகல் முழுக்கப் பலா மரத்தடியில் கட்டிக் கிடந்த உடம்பு இரவில் எதையாவது செய்யத் தேடுகிறது, அவ்வளவுதான்.

"அல்சேஷன் என்றால் இப்படி, நாட்டு நாய் என்றால் அப்படி" என்ற பேச்சையும் பாதி விலைக்கே வாங்குங்கள். 2022 இல் 'சயன்ஸ்' ஆய்விதழில் வந்த ஒரு பெரிய ஆய்வு, 18,000 க்கு மேற்பட்ட நாய்களின் வளர்ப்பாளர்களிடம் விவரம் கேட்டுப் பார்த்தது. ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் இடையிலான நடத்தை வேறுபாட்டில் ஏறக்குறைய 9 வீதத்தைத்தான் இனத்தை வைத்து விளக்க முடிந்தது. ஆகவே இனத்தைப் பார்த்து முடிவெடுக்காமல் முன்னால் நிற்கும் நாயைப் பாருங்கள்.

குட்டியைத் தெரிவு செய்யும்போது

இன்னும் குட்டி எடுக்காதவர்களுக்கும், அடுத்த வீட்டு ஈற்றில் ஒன்று கேட்டு வைத்திருப்பவர்களுக்கும் இது.

1. எட்டு வாரம் ஆகும் முன் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். எவ்வளவு பலமாகக் கடிக்கலாம் என்பதைக் குட்டி தாயிடமும் கூடப் பிறந்தவற்றிடமும்தான் படிக்கிறது. ஒரு மாதத்திலேயே தூக்கி வந்த குட்டிக்கு அந்தப் பாடம் கிடைப்பதில்லை.
2. தாயைப் பாருங்கள். பழகிய ஆட்கள் பக்கத்தில் வந்தால் தளர்வாக இருக்கிறதா, ஒடுங்குகிறதா? குட்டியை விடத் தாய் அதிகம் சொல்லும்.
3. குட்டிகள் விழித்திருக்கும் நேரத்தில் போய், கொஞ்ச நேரம் சும்மா உட்காருங்கள். கூப்பிட வேண்டாம். எது வருகிறது, எது மற்றவற்றைத் தள்ளிவிட்டு வருகிறது, எது தூரத்திலிருந்தே பார்க்கிறது என்று கவனியுங்கள்.
4. ஒரு கரண்டியைச் சற்றுத் தள்ளி நிலத்தில் போடுங்கள். எல்லாக் குட்டியும் திடுக்கிடும், அது குறையல்ல. எவ்வளவு சீக்கிரம் திரும்பி வந்து மோப்பம் பிடிக்கிறது என்பதுதான் கணக்கு.
5. மெதுவாகத் தூக்கிப் பாதம், காது, வாயைத் தொடுங்கள். முதலில் நெளிந்து பிறகு அடங்குவது நல்லது. விறைத்துப்போய் அசையாமல் இருப்பதை "சாது" என்று எண்ணாதீர்கள். பயத்தில் உறைந்து நிற்கிறது.

குட்டியை மல்லாத்திப் பிடித்து "யார் பெரியவன்" என்று காட்டும் பழக்கம் வேண்டாம். அதனால் பயம்தான் வளரும். இந்தச் சோதனைகள் எதுவுமே ஜாதகமும் அல்ல. எட்டு வாரத்தில் கண்டது இரண்டு வயதில் அப்படியே நிற்காது. மிகப் பயந்ததையும் மிக முரட்டுத்தனமானதையும் ஒதுக்கிவைக்க உதவும், அந்த அளவுக்கு நம்பினால் போதும்.

குறிப்பு: மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய 14 ஆவது வாரம் வரைதான் குட்டியின் மனம் அகலத் திறந்திருக்கும். ஓட்டோச் சத்தம், குடை, தலையில் கொழுந்துக் கூடை மாட்டியவர், தாடி வைத்தவர், பள்ளிப் பிள்ளைகள், கோயில் மேளம் எல்லாவற்றையும் தூரத்திலிருந்து, பயமுறுத்தாமல், இந்தக் காலத்தில் காட்டிவிடுங்கள். ஊசி முடியாத குட்டியை ரோட்டில் விட வேண்டாம். கையில் தூக்கிக்கொண்டு போங்கள்.

ஏழு நாள் கொப்பி

பிள்ளைகளின் பழைய கொப்பி ஒன்றில் நாளுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

1. நாய் எழும்பும் நேரம், தூங்கும் நேரம் எழுதுங்கள். குட்டி நாளுக்கு 18 முதல் 20 மணி நேரம் தூங்கும். வளர்ந்த நாய் 12 முதல் 14. இதைவிட மிகக் குறைந்தால் ஓய்வு கிடைக்காத வீடு என்று பொருள். தூக்கம் போதாத குட்டிக்கும் கடி அதிகம், தூக்கம் போதாத குழந்தைக்கு அழுகை அதிகமாவதைப் போல.
2. எந்த நேரத்தில் கிறுக்கு ஓட்டம் ஓடுகிறது என்று குறியுங்கள். வாலை மடக்கிக்கொண்டு இஸ்தோப்பையும் முற்றத்தையும் நாலு சுற்றுச் சுற்றி, வாழை அடியில் சறுக்கி விழுந்து எழும்பி மறுபடி ஓடும். காலையிலும் அந்திப்பொழுதிலும்தான் பெரும்பாலும். அது நோயுமல்ல, கோபமுமல்ல. தேங்கிய துடிப்பு வடிகிறது. துரத்த வேண்டாம், படிக்கட்டுப் பக்கம் மட்டும் அடைத்து வையுங்கள்.
3. குரைப்பு, உறுமல், கடி எது நடந்தாலும் அதற்கு முந்திய நிமிடம் என்ன நடந்தது என்று எழுதுங்கள். மிக முக்கியமான வரி இதுதான். "கடித்தது" என்று மட்டும் எழுதினால் பயனில்லை. "தின்னும்போது தம்பி தட்டை இழுத்தான், கடித்தது" என்று எழுதினால் விடை பாதி கிடைத்துவிடும்.
4. பயந்தாலோ உற்சாகப்பட்டாலோ, அடங்க எவ்வளவு நேரம் எடுத்தது?
5. நடக்கக் கூட்டிப்போய் வந்த பின் என்ன செய்தது? படுத்ததா, இன்னும் எதையாவது பிய்த்ததா?

ஏழாம் நாள் எல்லாப் பக்கத்தையும் ஒருசேரப் படியுங்கள். வீடு வந்து தண்ணீர் குடித்ததும் படுக்கும் நாய்க்கு நீங்கள் கொடுக்கும் ஓட்டம் போதும். அரை மணி நேரத்தில் மறுபடி செருப்பைத் தேடும் நாய்க்குப் போதாது. நடக்கக் கூப்பிட்டாலே எழும்பாத இளம் நாய் என்றால் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள்.

6 மாதத்திலிருந்து 18 மாதம் வரை கொப்பியில் எல்லாமே குழம்பும். "இரு" என்றால் இருந்த குட்டி, கேட்காதது போல் அடுத்த வளவுக்குப் போகும். இது வளரிளம் பருவம். பெட்டை முதல் முறை பருவத்துக்கு வருவதும், கடுவன் வேலி தாண்டுவதும் இந்த நேரத்தில்தான். குட்டி வேண்டாம் என்றால் கருத்தடைச் சிகிச்சை எப்போது செய்யலாம் என்று முன்பே கேட்டு வையுங்கள்.

உடம்பைப் படியுங்கள்

வால் ஆட்டினால் சந்தோஷம் என்று சின்ன வயதிலிருந்து சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அதை நம்பிக் கை நீட்டியவர்களில் பலர் ஊசிக்குப் போயிருக்கிறார்கள். வாலை மட்டும் பார்க்காமல் முழு உடம்பையும் பாருங்கள்.

இடுப்போடு சேர்ந்து வால் அகலமாக ஆடுகிறது, வாய் லேசாகத் திறந்திருக்கிறது, கண் சுருங்கியிருக்கிறது: சந்தோஷம். முன்னங்கால் தாழ்ந்து பின்பக்கம் உயர்ந்தால் விளையாடக் கூப்பிடுகிறது. வால் விறைப்பாக மேலே நின்று நுனி மட்டும் வேகமாக ஆடுகிறது, வாய் மூடியிருக்கிறது, உடம்பு முன்னால் சாய்ந்திருக்கிறது: நில்லுங்கள், கிட்டப் போக வேண்டாம்.

இவற்றை விடச் சின்ன அடையாளங்கள்தான் கண்ணில் படாமல் போகும். ஒரு லயத்து வாசலை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு வயதுப் பிள்ளை நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. நாய் தலையை மறுபக்கம் திருப்பி, மூக்கை ஒருதரம் நக்கிக்கொள்கிறது. தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி விடுகிறது. கண்ணின் வெள்ளை பிறை போல ஓரத்தில் தெரிகிறது. வீட்டார் "பாருங்க, எவ்வளவு பாசம்" என்று போனில் படம் எடுக்கிறார்கள். உள்ளேயிருந்து வந்த அப்பாயி மட்டும், "கண்ணு, அதை விட்டுடு, அதுக்குப் புடிக்கல" என்று பிள்ளையின் கையை எடுத்துவிடுகிறார். நாய் எழுந்து உடம்பை ஒரு உதறு உதறிவிட்டு நடக்கிறது. அந்த உதறல்தான் "அப்பாடா, விட்டது". எந்தப் புத்தகமும் படிக்காமல் அப்பாயி சரியாகப் படித்துவிட்டார்.

உறுமலை அடக்காதீர்கள்

நாய் படிப்படியாகத்தான் கடிக்கு வரும். பெரும்பாலும் வரிசை இது: தலையைத் திருப்பும், விலகும், விறைக்கும், உறுமும், பல்லைக் காட்டும், வெறுங்காற்றைக் கவ்வும், பிறகு கடிக்கும். உறுமும்போது அடித்தால் அடுத்த முறை அது உறுமாது. பயம் அப்படியே இருக்கும்; எச்சரிக்கை மட்டும் போய்விடும். "ஒரு சத்தமும் போடாமல் திடீரென்று கடித்தது" என்று கேட்கும்போதெல்லாம், முன்பு அந்த நாயின் உறுமலுக்கு யாராவது அடித்திருப்பார்களோ என்றுதான் எனக்குத் தோன்றும்.

உறுமினால் செய்ய வேண்டியது:

1. அசையாமல் நில்லுங்கள். கண்ணுக்குள் உற்றுப் பார்க்க வேண்டாம்.
2. பக்கவாட்டில் திரும்பி மெதுவாக விலகுங்கள். ஓடினால் துரத்தும்.
3. வாயில் உள்ளதை இழுக்காதீர்கள். அதைவிட ருசியான ஒன்றைத் தள்ளிப் போட்டு, நாய் அங்கே போன பிறகு எடுங்கள்.
4. கொப்பியில் எழுதுங்கள். ஒரே காரணம் மறுபடி மறுபடி வந்தால் அந்தச் சந்தர்ப்பமே வராமல் வீட்டு ஒழுங்கை மாற்றுங்கள்.

பிள்ளைகளுக்கு மூன்று கட்டளை போதும்: தின்னும் நாயைத் தொடாதே, தூங்கும் நாயை எழுப்பாதே, குட்டி போட்ட நாயின் பக்கம் போகாதே. சின்னப் பிள்ளையையும் நாயையும் தனியே விட்டுவிட்டு ஒரு நிமிடம்கூட அடுப்படிக்குப் போகாதீர்கள், நாய் எவ்வளவு சாதுவாக இருந்தாலும்.

சங்கிலிக் கோபம்

நம் ஊரில் நாய்க் குணத்தைக் கெடுக்கும் முதல் பொருள் நாலு அடிச் சங்கிலி. கட்டுண்ட நாயால் பயந்தால் விலக முடியாது. மேலே சொன்ன வரிசையில் "விலகும்" என்ற படி இல்லாமல் போனால் மிச்சம் இருப்பது உறுமலும் கடியும். கூடவே, ரோட்டில் போகும் ஒவ்வொரு ஆளும் குரைத்தவுடன் போய்விடுகிறார். "நான் துரத்திவிட்டேன்" என்று நாய் பாடம் படிக்கிறது. ஒரு வருடத்தில் அதன் கோபம் உண்மையிலேயே முற்றிவிடும்.

வேலி இல்லாத வளவில் அவிழ்த்துவிடவும் முடியாது என்பது புரிகிறது. நடுவழி ஒன்று உண்டு:

1. இரண்டு உறுதியான கம்பங்களுக்கு நடுவே, ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, கம்பி இழுத்துக் கட்டுங்கள். எவ்வளவு நீளம் கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது.
2. கம்பியில் ஒரு வளையம் கோத்து, அதில் சங்கிலியை மாட்டுங்கள். நாய் முன்னும் பின்னும் நடக்கும்.
3. கம்பத்தையோ மதிலையோ சுற்ற முடியாதபடி கம்பியில் இரு பக்கமும் தடுப்பு முடிச்சுப் போடுங்கள். மதில் தாண்டி மறுபக்கம் தொங்கி இறந்த நாய்கள் உண்டு. இதில் அசட்டை கூடாது.
4. நிழலும் தண்ணீரும் சங்கிலி எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். நிழல் மதியத்தில் எங்கே நகர்கிறது என்று ஒருநாள் நின்று பாருங்கள்.
5. கழுத்துப் பட்டிக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும். வளரும் குட்டிக்கு வாரம் ஒருமுறை தளர்த்திப் பாருங்கள்.

இது பகலில் சில மணி நேரத்துக்கு. இதற்குப் பிறகும் நடை வேண்டும்.

துடிப்பைச் செலவழிக்கும் வழிகள்

வளர்ந்த, உடம்பு நன்றாக உள்ள நாட்டு நாய்க்குக் காலையும் மாலையும் அரை மணி நேரம் நல்ல ஆரம்பம். கொப்பியைப் பார்த்துக் கூட்டிக் குறையுங்கள். குட்டிக்கு நீண்ட நடை வேண்டாம். சின்னச் சின்ன விளையாட்டு, பிறகு தூக்கம்.

நடக்கும்போது மோப்பம் பிடிக்க விடுங்கள். நாய் ஒரே இடத்தில் மூக்கை வைத்துக்கொண்டு நிற்கிறது என்று இழுத்துக்கொண்டு போகிறவர்கள், நடையின் பாதிப் பயனை வீணாக்குகிறார்கள். மூக்கு வேலை செய்தால் மூளை களைக்கும். மூளை களைத்த நாய் படுக்கும்.

மழை நாளுக்கு ஒரு சிரட்டை விளையாட்டு:

1. விளிம்பு கூராக இல்லாத மூன்று சிரட்டைகளைக் கவிழ்த்து வையுங்கள்.
2. நாய் பார்க்க ஒன்றின் கீழ் அவித்த முட்டைத் துண்டோ காய்ந்த பாண் துண்டோ வையுங்கள். உப்புக் கருவாடு வேண்டாம்.
3. "எடு" என்று சொல்லுங்கள். கண்டுபிடித்ததும் பாராட்டுங்கள்.
4. இரண்டு மூன்று நாளில் பார்க்காதபோது ஒளித்து வையுங்கள். பிறகு காம்பராவின் வெவ்வேறு மூலையில்.
5. முடிந்ததும் சிரட்டையை எடுத்துவிடுங்கள். கடித்தால் பல் உடையும்.

மாத்தளை மாவட்டம் ஒரே காலநிலை உள்ள இடமல்ல என்பதை மறக்க வேண்டாம். ரத்தோட்டை, எல்கடுவ மேடுகளில் குளிர்காற்றில் ஓடித் திரியும் அதே நாய், தம்புள்ளை, கலேவெல வெயிலில் மதியம் எழும்பவே மாட்டேன் என்னும். அது சோம்பலல்ல. நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியேற்றும். வறண்ட பகுதியில் உள்ளவர்கள் விடியற்காலையிலும் சூரியன் இறங்கிய பின்னும் நடக்க வையுங்கள். புறங்கையைத் தார் ரோட்டில் வைத்து ஐந்து விநாடி தாங்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது. மூக்கு தட்டையான இனங்களுக்கும் அடர்ந்த மயிர் உள்ளவற்றுக்கும் இன்னும் கவனம் வேண்டும்.

கடுமையாக மூச்சு வாங்கி, எச்சில் தடித்து ஒழுகி, தள்ளாடினால் வெப்பத் தாக்கு. உடனே நிழலுக்குக் கொண்டுபோய், குழாய்த் தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றி, விசிறிக்கொண்டே இருங்கள். குடிக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். முதலில் குளிர்விப்பது, பிறகு வண்டி ஏற்றுவது.

மலைப் பக்கத்தவர்களுக்கு வேறு பயம். நக்கிள்ஸ் காட்டோரத் தோட்டங்களில் சிறுத்தை நாயைத் தூக்கும். துடிப்பான நாய் இரவில் எழும்பி ஓடிக் குரைக்கும். அதுதான் முதலில் போகும். இருட்டும் முன் உள்ளே எடுத்துக் கதவைச் சாத்துங்கள். காட்டுப்பன்றிக்கு வைக்கும் சுருக்குக் கம்பிகளும், வறண்ட பகுதிகளில் இரைக்குள் ஒளித்து வைக்கும் ஹக்கபட்டாஸ் வெடியும் மோப்பம் பிடித்துத் திரியும் நாயைக் கொல்லும். காட்டோரத்தில் நாயை அவிழ்த்துவிடாதீர்கள்.

திடீர்த் துடிப்பு: வளவில் என்ன இருக்கிறது?

வாசனைத் திரவியத்துக்குப் பெயர்போன மாவட்டம் நம்முடையது. இங்கு வளவில் இருப்பவற்றில் சில நாய்க்கு நஞ்சு.

கொக்கோ முதலாவது. கொட்டையிலும், பாத்திகளில் பரப்பும் கொக்கோத் தோலிலும் தியோபுரோமின் உண்டு. நாயின் உடம்பு அதை மிக மெதுவாகத்தான் கழிக்கும். உலர்த்தும் பாயிலிருந்து ஒரு வாய் தின்ற நாய் சில மணி நேரத்தில் நிலைகொள்ளாமல் நடக்கும், வாந்தி எடுக்கும், இதயம் படபடக்கும், நடுங்கும். பார்ப்பவர் "இன்றைக்கு என்ன இவ்வளவு உற்சாகம்" என்று எண்ணிவிடக்கூடும். கடையில் வாங்கும் கறுப்புச் சொக்லேட்டும் இதே கதைதான். சாதிக்காய் அதிகம் தின்றாலும் தடுமாற்றமும் படபடப்பும் வரும். வெங்காயமும் பூண்டும் இரத்தத்தைக் கெடுக்கும். கறிக்குழம்பு ஊற்றிய சோற்றைத் தினமும் வைக்கும் வீடுகள் இதை யோசிக்க வேண்டும்.

தின்றது தெரிந்தால் அல்லது சந்தேகம் வந்தால்:

1. மிச்சத்தை நாயிடமிருந்து எடுத்து, எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பாருங்கள்.
2. உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அதுவே ஆபத்து.
3. நாயின் எடை, தின்ற பொருள், தின்ற நேரம் மூன்றையும் மிருக வைத்தியருக்குப் போனில் சொல்லுங்கள்.
4. அறிகுறி வரும்வரை காத்திருக்காமல் கொண்டுபோங்கள்.

திடீர் அடக்கம்

நேற்று வரை செருப்பு திருடிய நாய் இன்று மூலையில் கிடந்தால், "புத்தி வந்துவிட்டது" என்று மகிழ வேண்டாம். துடிப்பு ஒரே நாளில் விழுந்தால் நோய் என்றே எடுங்கள்.

1. உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளிறியிருந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். உண்ணி கடித்துப் பரவும் பபீசியா என்ற கிருமி இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். மஞ்சளாக இருந்தால் ஈரல் நோய் அல்லது எலிக்காய்ச்சல் இருக்கலாம்.
2. காது மடிப்பு, விரல் இடுக்கு, கழுத்துப் பட்டியின் கீழ் உண்ணி தேடுங்கள்.
3. சிறுநீரின் நிறம் பாருங்கள். கறுத்த தேயிலைச் சாயம் போல் இருந்தால் அன்றைக்கே போக வேண்டும்.
4. மிருக வைத்தியரிடம் வெப்பமானி இருக்கும். நாயின் வழமையான உடல் வெப்பம் ஏறக்குறைய 38.3 முதல் 39.2 பாகை; நமக்குக் காய்ச்சல் என்பது அதற்குச் சாதாரணம். மூக்கைத் தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் சொல்ல முடியாது.

எலிக்காய்ச்சலை இலேசாக எண்ணாதீர்கள். 2008 இல் இலங்கையில் அது பெரிதாகப் பரவியபோது கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் மாத்தளையும் ஒன்று. வயலிலும் வாய்க்காலிலும் திரியும் நாய்க்கும் தொற்றும். அதன் சிறுநீரிலிருந்து வீட்டாருக்கும் வரலாம். நாய்க்கு இதற்கான ஊசி உண்டு. சுகமில்லாத நாயின் சிறுநீரைக் கையுறை போட்டுக் கழுவுங்கள்.

பனடோல் கொடுக்க வேண்டாம். மனிதருக்கான வலி மாத்திரைகள் நாயைக் கொல்லலாம். பிரதேச செயலகப் பிரிவுகளில் அரச மிருக வைத்திய அலுவலகங்கள் உள்ளன. தோட்டத்தில் "மாட்டு டாக்டர்" என்று சொன்னாலும் அவர் நாயையும் பார்ப்பார். பெரிய பரிசோதனை தேவைப்பட்டால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவார்.

வெடிச்சத்தம்

சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி, மாசியில் மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் பஞ்சரத பவனி: தேதிகள் முன்பே தெரியும். அதனால் ஆயத்தமாகலாம். அன்று மாலைக்கு முன் நன்றாக நடக்க வையுங்கள். இருட்டும் முன் உள்ளே, ஜன்னல் இல்லாத மூலையில், பழைய சாக்கு விரித்து இடம் கொடுங்கள். ரேடியோ போட்டுவிடலாம். வெளியே கட்டிப்போடவே கூடாது. பயத்தில் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடிக் காணாமல் போவது அன்றுதான் அதிகம். ஒளிந்திருக்கும் நாயை இழுத்து வெடிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் "பயம் தெளிய வைக்கும்" வேலை வேண்டாம். பக்கத்தில் வந்து ஒட்டினால் தடவிக் கொடுங்கள். அதனால் பயம் அதிகமாகாது.

குணமே மாறினால்

கடைசியாக வைத்தாலும் இதைத்தான் முதலில் மனதில் வைக்க வேண்டும். நாயின் குணம் ஒரேயடியாகத் தலைகீழாக மாறாது. ஓரிரு நாளில் மாறினால், விசர்நோயை நினைக்க வேண்டும்.

எல்லா விசர் நாயும் வாயில் நுரையோடு துரத்தாது. சாதுவான நாய் காரணமின்றிக் கடிக்கலாம்; முரட்டு நாய் திடீரென்று ஒட்டி உறவாடலாம்; கட்டிலுக்கு அடியில் புகுந்து வர மறுக்கலாம். குரல் கரகரக்கும், தாடை தொங்கும், எச்சில் ஒழுகும், விழுங்க முடியாது. தொண்டையில் எலும்பு சிக்கியதென்று வாய்க்குள் கை விடாதீர்கள். கீரியோடும் மரநாயோடும் சண்டை போட்டு வந்த நாயையும் சந்தேகிக்க வேண்டும். அவற்றாலும் விசர் பரவும். காயத்தை வெறுங்கையால் தொடாமல் மிருக வைத்தியரைக் கேளுங்கள்.

விசர்நோய்க் கட்டளைச் சட்டம் 1893 இலும் நாய்களைப் பதிவுசெய்யும் சட்டம் 1901 இலும் வந்தவை. இவ்வளவு காலமான பின்னும் ஊசி போடாத நாய்கள் நம் வளவுகளில் இருக்கின்றன. உங்கள் நாய்க்கு வருடம் ஒருமுறை விசர் ஊசி, அட்டையோடு. மாநகர சபையிலோ பிரதேச சபையிலோ பதிவும் செய்துகொள்ளுங்கள்.

உங்கள் நாயோ ஊர் நாயோ கடித்தாலும், பல் பட்டுக் கீறினாலும், திறந்த காயத்தை நக்கினாலும்:

1. ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். நினைப்பதை விட நீண்ட நேரம் அது.
2. சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், மண்ணெண்ணெய் எதுவும் வைக்காதீர்கள். காயத்தை இறுக்கிக் கட்டவும் வேண்டாம்.
3. அன்றைக்கே அரச வைத்தியசாலைக்குப் போங்கள். மாத்தளை மாவட்டப் பொது வைத்தியசாலை தூரமென்றால் அருகில் உள்ளதற்கு முதலில் போய்க் கேளுங்கள். அறிகுறி வந்த பிறகு விசர்நோயிலிருந்து மீள்வது ஏறக்குறைய இல்லை. அதற்கு முன் ஊசி காப்பாற்றும்.
4. நாயின் ஊசி அட்டை இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள்.
5. கடித்த நாயை அடித்துக் கொல்லாதீர்கள், விரட்டியும் விடாதீர்கள். பாதுகாப்பாக முடிந்தால் கட்டியோ அடைத்தோ வைத்து, கை படாமல் சோறும் தண்ணீரும் வைத்து, வைத்தியர் சொல்லும் நாள்வரை தினமும் கவனியுங்கள். பிடிக்க முடியாத ஊர் நாய் என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குச் சொல்லுங்கள். அதற்கிடையில் நாய் இறந்தால் புதைக்க வேண்டாம். அவரிடம் உடனே அறிவியுங்கள், தலையைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டியிருக்கும்.